படகுக்கு அட்வான்ஸ் கொடுத்தவர் திரும்பி வரவில்லையா? விற்பவர் செய்ய வேண்டியவை

பழைய ஃபைபர் படகு ஒன்றை எஞ்சினோடு சேர்த்து 3,60,000 ரூபாய்க்குப் பேசி முடிக்கிறீர்கள். வாங்க வந்தவர் 40,000 அட்வான்ஸ் கொடுக்கிறார். மீதியை அடுத்த மாதம் தருகிறேன் என்று போனவர், அதற்கப்புறம் ஃபோன் எடுப்பதில்லை. படகு உங்கள் கரையில் வெயிலில் கிடக்கிறது. இதற்கிடையில் இன்னொருவர் வந்து, முழுப்பணத்தையும் தருகிறேன், இன்றைக்கே இழுத்துக்கொண்டு போகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? வாங்கிய அட்வான்ஸை என்ன செய்வது?

கடற்கரை ஊர்களில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உடனே கிடைக்கும். "அவன்தான் வரலையே, அட்வான்ஸ் போச்சு, நீ வித்துத் தள்ளு" என்பது ஒன்று. "அடுத்தவன் காசு வாங்கிட்டோம், வர்ற வரைக்கும் தொடாதே" என்பது இன்னொன்று. முதல் பேச்சைக் கேட்டவர்களுக்கு ஆறு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வரக்கூடும். இரண்டாவதைக் கேட்டவர்கள், எஞ்சின் மாட்டும் பின்பலகை ஊறிப்போன படகைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

வாங்க வந்தவர் பேசாமல் இருப்பதால் மட்டும் பேரம் முறிந்துவிடாது. அதை முறிக்கும் வேலையை நீங்கள் எழுத்தில் செய்ய வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவைதான் இந்தக் கட்டுரை. நான் எழுதுவது தமிழ்நாட்டுக் கரையில் தனியாருக்குள் கைமாறும் ஃபைபர் படகு, வள்ளம், விசைப்படகு ஆகியவற்றைப் பற்றி. சட்டம் மத்தியச் சட்டம் என்பதால் புதுச்சேரி, காரைக்காலுக்கும் பொருந்தும்.

உண்மையிலேயே காணாமல் போய்விட்டாரா?

ஃபோன் அணைந்திருக்கிறது என்பதற்காக ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் ஒரு தடவை கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். ராமநாதபுரம், கன்னியாகுமரிப் பக்கம் பலர் வளைகுடா நாடுகளுக்கு மீன்பிடி வேலைக்குப் போய்விடுகிறார்கள். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவர் யாழ்ப்பாணத்தில் சிறையில் இருக்கலாம். எதிர்பார்த்த கடன் கிடைக்காமல், வெட்கப்பட்டுக்கொண்டு முகம் காட்டாமல் இருப்பவர்களும் உண்டு. நான் பார்த்த வரையில் இந்தக் கடைசி வகைதான் அதிகம்.

அதனால் முதல் வாரத்தில் அவருடைய ஊருக்கு ஆள் அனுப்புங்கள், முடிந்தால் நீங்களே போங்கள். தரகர் இடையில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள், ஆள் எங்கே என்று கேட்டுக்கொண்டு, போன தேதியையும் யாரிடம் பேசினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். வீட்டாரிடம் சத்தம் போட வேண்டாம். நாளைக்குச் சமரசம் பேச வருபவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆள் இறந்திருந்தால் கதை வேறு. அப்போதும் பேரம் தானாகச் செத்துவிடாது, வாரிசுகள் அவர் இடத்தில் நிற்பார்கள். அவர்களுக்குப் படகு வேண்டாம் என்றால், அட்வான்ஸை எண்ணிக் கொடுத்துவிட்டு, வாரிசுகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி முடித்துவிடுவது நல்லது. அந்த வீட்டில் போய்க் கணக்குக் கழிக்க உட்கார வேண்டாம் என்பது சட்டம் சொல்வதல்ல, நான் சொல்வது.

படகும் எஞ்சினும் யார் கையில்?

இனிமேல் செய்ய வேண்டியதெல்லாம் இந்த ஒரு கேள்வியைப் பொறுத்தது. நிலம், வீடு போலன்றி, படகு சட்டத்தின் பார்வையில் அசையும் சொத்து. அதனால் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதற்குப் பொருந்தும். முழு விலை கைக்கு வராத விற்பனையாளருக்கு அந்தச் சட்டம் ஒரு வலுவான பிடியைக் கொடுக்கிறது. கடனுக்குத் தருவதாகப் பேசாதவரை, மீதிப் பணம் வரும்வரை பொருளைத் தராமல் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாங்குபவர் நியாயமான வழியில் பொருளைக் கையில் எடுத்துக்கொண்ட அந்த நிமிடமே இந்தப் பிடி போய்விடும்.

இதில் பலரும் சறுக்குவது எஞ்சினில்தான். "எஞ்சினை மட்டும் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்பார்கள். அவுட்போர்டு எஞ்சினை இரண்டு பேர் தூக்கி ஒரு குட்டி யானையில் போட்டுவிடலாம். பல ஃபைபர் படகுகளில் மொத்த விலையில் கணிசமான பங்கு அதற்குத்தான். மெக்கானிக்கை உங்கள் கரைக்கு வரச் சொல்லுங்கள். கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் நீங்களும் கூடப் போங்கள். பதிவுப் புத்தகம், மீன்பிடி உரிமம், டீசல் அட்டை, காப்பீட்டுக் காகிதம் எதுவும் உங்கள் வீட்டைத் தாண்டக் கூடாது. நகல் கேட்டால் கொடுங்கள், அதன் குறுக்கே "விற்பனை பேச மட்டும்" என்று எழுதித் தேதி போடுங்கள்.

வாங்குபவர் பக்கத்திலும் ஒரு சட்டப் பிடி இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு படகை, இருக்கிற நிலையிலேயே தருகிறேன் என்று நிபந்தனை ஏதும் இல்லாமல் பேசி முடித்தால், பணம் பிறகு வருவதாக இருந்தாலும் உரிமை அப்போதே கைமாறிவிட்டது என்று வாதாட அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. வாய்ப்பேச்சாக முடித்த பேரங்களில் இந்தச் சிக்கல் வரும். இதனால்தான் மறுவிற்பனைக்கு முன் நோட்டீஸ் கொடுக்கச் சொல்கிறேன்.

கையில் இருப்பதைச் சேர்த்து வையுங்கள்

நோட்டீஸ் எழுதும் முன் ஒரு மாலை உட்கார்ந்து இதை முடித்துவிடலாம். அட்வான்ஸ் வங்கி வழியாக வந்திருந்தால், அந்தப் பரிவர்த்தனை உள்ள பக்கத்தை வங்கியில் அச்செடுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப் பேச்சைப் படம் எடுத்து வையுங்கள், ஆனால் படம் மட்டும் போதும் என்று பழைய ஃபோனை விற்றுவிடாதீர்கள். நீதிமன்றத்துக்குப் போனால் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள், மூலப் பேச்சு ஃபோனிலேயே இருப்பது நல்லது. பேரம் பேசியபோது கூட இருந்தவர்கள் இரண்டு பேரின் பெயரைக் குறித்து வையுங்கள்.

அப்புறம் படகைப் படம் எடுங்கள். முன்புறம், பின்புறம், இரண்டு பக்கமும், உள்பக்கம், பதிவு எண், எஞ்சின் மேல் பொறித்த எண். பதிவு எண் ஐஎன்டி, டிஎன் என்று தொடங்கி மாவட்ட எண், படகின் வகை, வரிசை எண் என்று போகும். விசைப்படகுக்கு எம்எம், மோட்டார் பொருத்திய படகுக்கு எம்ஓ என்று நடுவில் வரும். ஒரு எழுத்துத் தவறினாலும் வேறு யாருடைய படகோ ஆகிவிடும். நோட்டீஸில் எழுதும்போது புத்தகத்தைப் பார்த்து எழுதுங்கள், படகில் பெயிண்ட் அடித்ததைப் பார்த்து வேண்டாம்.

படகின் மேல் வங்கிக் கடனோ கூட்டுறவுச் சங்கக் கடனோ இருந்தால், முதலில் அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மானியத்தில் வாங்கிய படகு அல்லது எஞ்சின் என்றால் மானிய உத்தரவில் விற்பனைக் கட்டுப்பாடு உண்டா என்று பாருங்கள். உங்கள் பக்கமே ஓட்டை இருந்தால், "அதனால்தான் நான் மீதியைத் தரவில்லை" என்று எதிராளி சொல்ல வாய்ப்புக் கிடைத்துவிடும்.

நோட்டீஸ்

வக்கீல் வைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்களே தமிழில், வெள்ளைத்தாளில் எழுதலாம். தொகை பெரிதாக இருந்தால், விசைப்படகு என்றால் கண்டிப்பாக, வக்கீல் மூலம் அனுப்புங்கள். சிறிய படகுக்கு இப்படி எழுதினால் போதும்:

"என் பெயரில் பதிவுள்ள …… எண் ஃபைபர் படகையும் …… எண் அவுட்போர்டு எஞ்சினையும் 3,60,000 ரூபாய்க்கு வாங்கிக்கொள்வதாக …… தேதியன்று நாம் பேசி முடித்தோம். அன்று 40,000 ரூபாய் கொடுத்தீர்கள். மீதி 3,20,000 ரூபாயை …… தேதிக்குள் தருவதாகச் சொன்னீர்கள், இதுவரை தரவில்லை. உங்களை …… , …… தேதிகளில் ஃபோனிலும், …… தேதியில் வீட்டிலும் தேடினேன். படகும் எஞ்சினும் பதிவுப் புத்தகமும் தயாராக என்னிடம் உள்ளன. …… தேதி மாலை 5 மணிக்குள் மீதியைக் கொடுத்துப் படகை எடுத்துச் செல்லுங்கள். தவறினால் பேரம் முறிந்ததாகக் கொண்டு, படகை வேறொருவருக்கு விற்றுவிடுவேன். அதில் வரும் நஷ்டத்தையும் படகைப் பாதுகாத்த செலவையும் நீங்கள் கொடுத்த பணத்தில் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தருவேன். போதாவிட்டால் உங்களிடம் வசூலிக்க நடவடிக்கை எடுப்பேன்."

இதில் மூன்று வரிகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். படகு தயாராக இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பது முதலாவது. எடுத்துக்கொள்ளச் சொல்லியும் எடுக்காதவரிடம்தான், பொருளைப் பாதுகாத்த நியாயமான செலவைக் கேட்க அதே சரக்கு விற்பனைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு வழி கொடுக்கிறது. வேறொருவருக்கு விற்பேன் என்பது இரண்டாவது. 54ஆம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. மறுவிற்பனை செய்யப்போவதாகச் சொல்லி நியாயமான அவகாசமும் கொடுத்துவிட்டு விற்றால், விலை குறைந்த நஷ்டத்தை முதல் ஆளிடம் கேட்கலாம், விலை கூடினால் அந்த லாபத்தில் அவருக்குப் பங்கில்லை. சொல்லாமல் விற்றாலோ நஷ்டத்தைக் கேட்கும் உரிமை போய்விடும், லாபம் வந்தால் அதையும் அவர் கேட்கலாம். ஒரு கடிதத்தால் கணக்கு இப்படித் தலைகீழாகிறது.

மூன்றாவது, கெடு. "கடிதம் கிடைத்து 15 நாட்களுக்குள்" என்று பலர் எழுதுவார்கள். ஓடி ஒளிபவர் கடிதத்தையே வாங்காவிட்டால் அந்தப் பதினைந்து நாள் எப்போது தொடங்கும்? அதனால் நேரடியாகக் காலண்டர் தேதியைப் போடுங்கள். எத்தனை நாள் என்று சட்டம் எண் சொல்லவில்லை. நியாயமான அவகாசம் என்றுதான் சொல்கிறது. அனுப்பும் நாளிலிருந்து மூன்று வாரம் கொடுத்தால் யாரும் குறை சொல்வது கஷ்டம். ஆள் கடலில் இருக்கிறார் என்று தெரிந்தால் இன்னும் கூட்டிக் கொடுங்கள்.

பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதனால் ஸ்பீடு போஸ்டில், பட்டுவாடா செய்ததற்கான சான்றும் கேட்டு அனுப்புங்கள். ஆதார் முகவரிக்கு ஒன்று, அவர் இப்போது இருப்பதாகச் சொல்லும் முகவரிக்கு ஒன்று. கடிதத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். உறை "ஆள் இல்லை" என்றோ "வாங்க மறுத்தார்" என்றோ திரும்பி வந்தால் பிரிக்காதீர்கள். அஞ்சல்காரர் எழுதிய குறிப்போடு அப்படியே பீரோவில் வையுங்கள். சரியான முகவரிக்கு அனுப்பியதற்கு அதுதான் சாட்சி.

தரகரிடம் சொல்லிவிட்டேன், அது போதாதா என்று கேட்பார்கள். போதாது.

அந்தக் காத்திருப்பில் படகைப் பார்த்துக்கொள்வது

கெடு முடியும்வரை படகு பேரத்தில் சொன்ன நிலையில் இருக்க வேண்டும். அது உங்கள் பொறுப்பு. கட்டையில் ஏற்றி, அடியில் தண்ணீர் வடியும் துளையின் அடைப்பானைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு மழையில் உள்ளே தேங்கும் தண்ணீரே படகின் அடியை இறக்கிவிடும். எஞ்சின் மாட்டும் பின்பலகையின் உள்ளே பெரும்பாலும் மரம்தான். போல்ட் துளைகள் வழியே தண்ணீர் இறங்கினால் வெளியே பெயிண்ட் நன்றாக இருக்கும், உள்ளே மரம் ஊறி நமத்துப்போய்விடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், காய்ந்த இடத்தில் கணீரென்றும் ஊறிய இடத்தில் மந்தமாகவும் சத்தம் வரும். துளைகளை அடைத்து, மேலே தென்னங்கீற்றோ தார்ப்பாயோ போடுங்கள். எஞ்சினை நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவி, கார்புரேட்டரில் நிற்கும் எரிபொருளை வடித்துவிட்டு, வீட்டுக்குள் வைத்துப் பூட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை என்றால் புயல் எச்சரிக்கை வரும்போது படகை மேடேற்ற ஆள் கூலி ஆகும். டிராக்டர் வாடகை, ஆள் கூலி எல்லாவற்றுக்கும் சின்னத் துண்டுச்சீட்டாவது எழுதி வாங்குங்கள்.

அந்தப் படகிலேயே தொழிலுக்குப் போகலாமா? வேறு பிழைப்பு இல்லை என்றால் போகத்தான் வேண்டும். ஆனால் அப்படிப் போனால் பாதுகாப்புச் செலவு என்று பின்னால் கேட்க வேண்டாம், கேட்டாலும் எடுபடாது. எஞ்சின் இன்னும் தேய்ந்துவிட்டது என்று எதிராளி விலையைக் குறைக்கவும் இடம் கொடுத்ததாகிவிடும்.

அட்வான்ஸ் முழுவதும் எனக்கா?

முழுவதும் உங்களுக்கு என்று தானாக ஆகிவிடாது. ஊரில் எல்லோரும் சொல்லும் "வரலைன்னா அட்வான்ஸ் போச்சு" என்பதைச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. பேரத்தை நிறைவேற்றுவதற்கு உத்தரவாதமாக, தவறினால் திருப்பித் தரப்படாது என்று தெளிவாகப் பேசி வாங்கிய அச்சாரம் ஒரு வகை. விலையில் ஒரு பகுதியாக முன்கூட்டிக் கொடுத்த பணம் இன்னொரு வகை. முதலாவதைப் பிடித்துக்கொள்ளலாம், இரண்டாவதை அப்படிப் பிடித்துக்கொள்ள முடியாது என்று 2012இல் ஒரு வீட்டு விற்பனை வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. 2015இல் இன்னொரு வழக்கில், நஷ்டமே இல்லாதபோது பிடித்தம் செய்ய முடியாது, ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவில் உள்ளது நியாயமான இழப்பீடு மட்டுமே என்றும் சொல்லியிருக்கிறது. அட்வான்ஸ் வாங்கியபோது எதுவும் எழுதாதவர்கள், அதை இரண்டாவது வகை என்றே நினைத்துக்கொண்டு கணக்குப் போடுவது பத்திரம்.

கணக்கு இப்படிப் போகும். 3,60,000க்குப் பேசிய படகு மறுபடி 3,30,000க்குத்தான் போனது என்று வையுங்கள். 30,000 நஷ்டம். மேடேற்றிய கூலி, தார்ப்பாய், காவல் என்று சீட்டு உள்ள செலவு 6,000. ஆக 36,000. வாங்கிய 40,000இல் இது போக 4,000 அவருக்குச் சேர வேண்டும். 3,75,000க்குப் போயிருந்தால் உங்களுக்கு விலையில் நஷ்டமே இல்லை. அப்போது 40,000ஐயும் அமுக்கிக்கொண்டால் நாளைக்கு வழக்கில் பதில் சொல்வது கஷ்டம். செலவைக் கழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பணத்தை வங்கியில் தனியாக வைத்திருங்கள். பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு மட்டும் திருப்புங்கள். "என் மச்சான் கணக்குக்குப் போடுங்கள்" என்று புது எண்ணிலிருந்து செய்தி வந்தால் போடாதீர்கள். இதுபோன்ற வழக்குகளுக்குக் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள். அதுவரை எல்லாக் காகிதமும் இருக்கட்டும்.

மறுபடி விற்கும்போது

கெடு முடிந்த மறுநாளிலிருந்து தாராளமாக விற்கலாம். மச்சானுக்கும் மாமனுக்கும் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டு நஷ்டத்தை முதல் ஆள் தலையில் கட்டினால் நிற்காது. இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள், கேட்ட விலைகளைக் குறித்து வையுங்கள். புதிதாக வாங்குபவரிடம் முதல் பேரத்தை மறைக்க வேண்டாம். நோட்டீஸ் நகலைக் காட்டுங்கள். பிடியில் வைத்திருந்த பொருளை விற்பனையாளர் மறுபடி விற்றால் இரண்டாவதாக வாங்குபவருக்கு நல்ல உரிமை கிடைக்கும் என்று அதே 54ஆம் பிரிவு சொல்கிறது. அதைச் சொன்னால் அவருக்கும் தைரியம் வரும்.

பணம் முழுவதும் வந்த பிறகு, இரண்டு பேரும் சேர்ந்து மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். மீன்பிடிப் படகுப் பதிவெல்லாம் இப்போது ரியல்கிராஃப்ட் இணையதளத்தில்தான் ஏறுகிறது. என்னென்ன காகிதம் வேண்டும் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் இரண்டு நடை மிச்சம். விலையை ரொக்கமாக வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே பரிவர்த்தனைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். அந்த அபராதம் வாங்கியவருக்கு, அதாவது உங்களுக்கு.

படகையும் கொண்டுபோய்விட்டார் என்றால்

அட்வான்ஸை மட்டும் கொடுத்துவிட்டுப் படகை ஓட்டிக்கொண்டு போய், அப்புறம் மறைந்துவிட்டவர் விஷயம்தான் மிகவும் மோசமானது. இதில் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். பதிவு இன்னும் உங்கள் பெயரில் இருக்கிறது. அந்தப் படகு எல்லை தாண்டி இலங்கைக் கடற்படையிடம் மாட்டினால், உரிமையாளர் ஆவணங்களோடு ஆஜராக வேண்டும் என்று அங்கே நீதிமன்றம் சொல்லும். அழைப்பு உங்கள் பெயருக்குத்தான் வரும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் மீன்வளத் துறை விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்யும், அப்போது காட்டப் படகு உங்களிடம் இருக்காது. இன்னொன்று, உங்கள் சம்மதத்தோடு படகைக் கையில் வாங்கியவர் அதை விவரம் தெரியாத மூன்றாம் ஆளுக்கு விற்றுவிட்டால், அந்த மூன்றாம் ஆளின் உரிமையைச் சட்டம் காப்பாற்றக்கூடும். அப்புறம் படகைத் திரும்பக் கேட்பது பெரும்பாடு.

ஆகவே உதவி இயக்குநர் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவியுங்கள்: படகு இன்னாரிடம் இருக்கிறது, முழு விலை வரவில்லை, என் கையெழுத்தில்லாமல் பெயர் மாற்ற வேண்டாம். மனுவின் நகலில் முத்திரை வாங்குங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்திலும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் மரைன் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள். கடலோரக் காவலுக்கு இலவச எண் 1093. புகாருக்குச் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகாரை வாங்கிக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு, கேட்டு வாங்குங்கள். "இது சிவில் விவகாரம்" என்று காவல் நிலையத்தில் சொல்லலாம். பாதி உண்மை அது. பேசிய பணத்தைத் தராதது மட்டும் மோசடி ஆகாது, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பொய் முகவரி, வேறொருவரின் ஆதார், இதேபோல் வேறு ஊரிலும் செய்தது போன்றவை இருந்தால் அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுக்கு 318ஆம் பிரிவு. புகாரை எடுக்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம்.

மீதிக்குச் செக் கொடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கும், ஆனால் நாள் கணக்குக் கறார். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ். நோட்டீஸ் கிடைத்து 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். இதற்கு வக்கீல் வேண்டும்.

இணையத்தில் வந்த "வாங்குபவர்"

விளம்பரம் பார்த்து, படகை நேரில் பார்க்காமலே விலையை ஒப்புக்கொள்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ராணுவத்தில் இருக்கிறேன், கியூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் அட்வான்ஸ் வந்துவிடும் என்பார்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். தவறிக் கூடுதலாகப் போட்டுவிட்டேன், மிச்சத்தை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்பது இன்னொரு வேலை. வந்த பணம் வேறு யாரிடமோ திருடியதாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கே முடங்கும். பணம் போய்விட்டது என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு ஃபோன் செய்யுங்கள்.

பஞ்சாயத்தா, கோர்ட்டா

தொகை சிறிதாக இருந்து, இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து ஊர் என்றால் ஊர்ப் பஞ்சாயத்தோ படகு உரிமையாளர் சங்கமோ பேசி முடிப்பதுதான் வேகம். அவர்கள் சொன்னதை எழுதி, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஊர்க் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு மறுநாள் மாற்றிப் பேசுகிறவர்கள் நிறைய. அங்கே முடியாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். வழக்குப் போடும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் சமரசத்துக்கு வைப்பார்கள், அங்கே எழுதப்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே செல்லும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமான வரம்புக்குள் வருபவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீலும் கிடைக்கும். தொலைபேசி எண் 15100.

அடுத்த படகை விற்கும்போது எழுத வேண்டியது

முத்திரைத்தாளில் ஒரு பக்கம் போதும். இரண்டு பேரின் முழு முகவரி, ஆதார் நகல், வாங்குபவரின் வீட்டில் இன்னொருவருடைய ஃபோன் எண். படகின் பதிவு எண், எஞ்சின் எண், வலை, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் போன்றவற்றில் எது சேரும், எது சேராது. மொத்த விலை, கொடுத்த தொகை, மீதிக்குக் கெடு தேதி, காலக்கெடு ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனை என்ற வரி. முழு விலையும் வரும்வரை உரிமை மாறாது என்று ஒரு வரி. கெடு தவறினால் கொடுத்ததில் எவ்வளவு பிடித்தம், எவ்வளவு திருப்பம் என்று தொகையாகவே எழுதுங்கள், நியாயமான தொகையாக. எந்த முகவரிக்கும் எந்த வாட்ஸ்அப் எண்ணுக்கும் நோட்டீஸ் அனுப்பினால் சேர்ந்ததாகக் கொள்வது என்பதையும் சேருங்கள். இரண்டு சாட்சி, ஒருவர் அவர் ஊர்க்காரராக இருக்கட்டும். ஆளைத் தேடிப் போகும் நாளில் அந்தத் தெருவில் உங்களுக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.